ஜப்பான் மேளமும் மச்சான் கும்பிடும்

முதலில் தப்புச் செய்தது லூர்துராஜ்தான். அதில் பெரியநாயகத்துக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஏற்காட்டு மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் மாதா தேர் போன அன்று, தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு போன இவர் தோளில் கிடந்த பெரிய டிரம்மை நடுத்தெருவில் வைத்துக் கழற்றி, "அடி தப்புது, தள்ளு" என்று தன் தோளில் மாட்டிக்கொண்டவர் அவர். வேறு யாராவது என்றால் அடுத்த தேருக்குள் மறந்திருக்கும். லூர்துராஜ் சொந்த மச்சான். மனைவி இன்பமேரியின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த ஆள் மன்னிப்புக் கேட்கும்வரை, அவர் இருக்கும் இடத்தில் தன் செருப்புகூடக் கிடக்காது என்று பெரியநாயகம் சபதம் போட்டார். மாதா கோயிலுக்கு மட்டும் விலக்கு. அங்கேயும் பூசையில் 'சமாதானம்' சொல்லி ஒருவரையொருவர் கும்பிடும் நேரத்தில், மச்சான் வலப்பக்கம் இருந்தால் இவர் இடப்பக்கச் சுவரைக் கும்பிடுவார். சுவருக்கும் அவருக்கும் நல்ல சமாதானம். இன்பமேரிதான் பதினோரு வருஷமாகப் பிறந்த வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

அந்த மே மாதம், இரண்டு நாட்டு நட்புக்காக என்று ஏற்காட்டில் மேளம் அடிக்க ஜப்பான்காரர்கள் வந்தார்கள்.

"ஏனுங்க, போய்ப் பாக்கலாங்களா?"

"உங்கண்ணன் முன்னால வந்து உக்காந்திருப்பானே."

"அண்ணன் காலையிலயே சேலம் போயிருச்சுங்க."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமுங்க. எஸ்டேட் லாரியில ஏறுனத நானே பாத்தேன்."

"அப்ப என் வெள்ள வேட்டிய எடு. எவன் அடி தப்புறான்னு பாத்துட்டு வாரேன்."

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மேளம். முதல் அடி விழுந்ததும் பெரியநாயகத்தின் நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். மூன்றாவது உருப்படியில் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. இன்பமேரி மேடையைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது, மேடையில் ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்து குச்சி நழுவி உருண்டது. பக்கத்தில் நின்ற நரைத்த தலைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் தன் மேளத்தையும் மறுகையால் அவள் மேளத்தையும் அடித்தார். அவள் குச்சியை எடுத்து வந்ததும் தன் கையை விலக்கிக்கொண்டார். தாளம் ஒரு முடியளவுகூட அசையவில்லை.

"பாத்தியா புள்ள," என்றார் பெரியநாயகம். "புடுங்கல."

"ஆமாங்க. புடுங்கல." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் ஜப்பான்காரர்கள் வரிசையாக நின்று இடுப்பு மடங்கக் குனிந்தார்கள். விடைபெறுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கோயில் சனங்களுக்குக் கும்பிட்டுக் குனிவதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். மொத்தக் கூட்டமும் எழுந்து "சமாதானம்" என்று மேடையைக் கும்பிட்டது. பழக்க தோஷத்தில் வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் எல்லாம் கும்பிட்டது. ஜப்பான்காரர்கள் அசந்துபோய் இன்னும் தாழக் குனிந்தார்கள். கூட்டம் மறுபடியும் ஒரு சுற்று ஆரம்பித்தது.

பெரியநாயகம் கண் கலங்க, மனசு நிறையப் பின்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சமாதானம்."

"சமாதானம், மாப்ள," என்றார் லூர்துராஜ்.

"நீ சேலம் போனதா..."

"போனேனே. இவங்க மேளத்தை ரயிலடியிலிருந்து ஏத்தியாந்தது யாரு?"

பெரியநாயகம் மனைவியைத் தேடினார். அவள் கூட்டத்தைத் தாண்டிப் போய், குச்சியைத் தவறவிட்ட பெண்ணுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் வாய் திறந்தார்.

"இதெல்லாம் கணக்குல சேராது. உங்கண்ணன் இன்னும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல."

"கேக்காதுங்க. ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்குக் கறிச்சோறு திங்க வருது."

"கேக்காம எப்படி வருவான்?"

"நீங்களே மொதல்ல கும்புட்டுட்டீங்களாம். அதனால அண்ணன் உங்கள மன்னிச்சிருச்சாமுங்க."