அழகம்மா கை தூக்காத தீர்மானம்

மஹய்யாவ,
கண்டி.
14.03.2013, வியாழக்கிழமை.

மடுல்கெல்லத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற, என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பொன்னையா மச்சான் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை அழகம்மாவின் புருஷன் ராஜரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் ராக்கம்மா அக்காவும் நலமாக இருக்க முருகன் துணை. "யாவரும்" என்று எழுதிவிட்டேன், பழக்கம். இங்கே இருப்பது நான் ஒருவன்தான். நலமும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒன்பது தடவை போன் எடுத்தேன். ஒன்பது தடவையும் அழகம்மாதான் எடுத்தாள். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறேன். ஒன்பதாவது தடவை அவள் "ஹலோ"கூடச் சொல்லவில்லை. "பருப்பு ரெண்டாவது டின்னுல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள். ஆகவேதான் கடிதம்.

அவள் தங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாது. ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு இருந்தாலும் இருப்பாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்துமூன்று வருடம் விலைக் கட்டுப்பாட்டுப் பரிசோதகராக இருந்தவன் நான். நான் கடைத்தெருவில் கால் வைத்தால் முதலாளிமார் விலைப்பட்டியலைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். அப்படிப்பட்டவன், அரசாங்கம் மனிதனை அவன் பாட்டுக்கு விடவேண்டும், அடுத்தவனுக்குத் தீங்கு செய்யாத ஒருவனை எந்த அரசாங்கக் கந்தோரும் எந்தப் பத்திரமும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிரசாரம் செய்கிற "கட்டாய எதிர்ப்புச் சங்க"த்துக்குத் தலைவரானதைக் கேட்டு மஹய்யாவ ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். முப்பத்துமூன்று வருடம் கட்டாயப்படுத்தியவனுக்குத்தானே கட்டாயம் என்றால் என்னவென்று தெரியும்? செயலாளர் வீரசிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், எனக்குப் புத்தகம் தந்து கண்ணைத் திறந்தவர். பொருளாளர் அலவத்துகொட ஹுஸைன் ஹாஜியார், இரும்புக்கடை வைத்திருப்பவர். வாலிபத்தில், விலைப்பட்டியல் தொங்கவிடாததற்காக நான் வழக்குப் போட்ட அதே ஹுஸைன்தான். "ஐயா, நீங்க அண்டைக்கு என்னய புடிச்சதாலதான் எனக்கு சுதந்திரத்துட அருமை வெளங்கின" என்று இன்றைக்கும் எல்லார் முன்னிலையிலும் சொல்லி என்னைச் சங்கடப்படுத்துவார்.

சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோதே எனக்குச் சகுனம் சரியில்லை. பதிவை எதிர்க்கிற சங்கத்தைப் பதிவு செய்யலாமா என்று மாஸ்டர் இரண்டு மாதம் யோசித்தார். பதியாவிட்டால் மண்டபம் வாடகைக்குத் தரமாட்டார்கள் என்பதால் கடைசியில் நான் தனியாகப் போனேன். பதிவுக் கந்தோரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. நாங்கள் ஆறு பேர், ஏழு பேர் வேண்டும் என்றார். அதை நான் ஒரு நிமிடத்தில் அங்கேயே சரிசெய்து கொடுத்தேன். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, "முத்திரை ஒட்டல்ல, பரவால்ல மாத்தயா, நான் எடுக்கிறன்" என்றார். மச்சான், எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "முத்திரை ஒட்டாத விண்ணப்பத்தை எப்படி நீங்க ஏற்கலாம்? உங்க மேலதிகாரி யாரு?" என்று மேசையில் தட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டது. முத்திரை வாங்கி ஒட்டி, மறுபடி வரிசையில் நின்று, மூன்றாம் நாள்தான் பதிந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அழகம்மா கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அப்போது வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு.

இந்த இடத்தில் எழுந்து போய் வாசல் கேற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். தபால்காரர். எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் சங்கத்துக்குப் பதினொரு விதிகள். எல்லாம் நான் எழுதி, மட்டைபோட்டு, எங்கள் வீட்டு முன்ஹோலில் தொங்கவிட்டவை. மூன்றாம் விதி: தம் சம்மதமின்றி ஒருவர் இன்னொருவரின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். நான்காம் விதி: எல்லா உறுப்பினரும் சம்மதிக்காத எந்தத் தீர்மானமும் செல்லாது. பெரும்பான்மை என்பதே ஒரு கட்டாயம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டதால், நாங்கள் மூவரும் கை தூக்கி, அதன்பிறகு மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டால்தான் எதுவும் நடக்கும். அதனால் எதுவும் நடக்கவில்லை. கடிதத்தாள் நீலமா பச்சையா என்பதற்கு நாலு மாதம். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசி, முடிவில்லாமல், ஹாஜியார் வியர்வையிலும் மாஸ்டர் இருமலிலும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அழகம்மா இஞ்சி போட்ட பிளேன்டீயும் கடலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே ஒரு சேலைத் திரைதான். அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

போன ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். வருகிற ஞாயிறு, அதாவது பதினேழாம் திகதி, மண்டபம் எடுத்தாயிற்று. அறுபது பேரை எதிர்பார்க்கிறோம். சாப்பாடு இல்லாவிட்டால் சனம் வராது என்றார் ஹாஜியார். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவராது என்றார் மாஸ்டர். "வீட்டுச் சமையல்" என்று நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மாசிச் சம்பல், அப்பளம். மூவரும் கை தூக்கினோம். மாஸ்டர் மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டார், சாப்பாடு என்றதும் மூவரும் உடனே சரி என்றார்கள். ஏழு நிமிடத்தில் முடிந்தது. சங்க வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக ஒன்றும் நிறைவேறியதில்லை என்று நாங்கள் கையும் தட்டினோம். அந்த நேரம் பார்த்து அவள் பிளேன்டீயோடு வந்தாள்.

"அறுவது பேருக்கு யாருங்க சமைக்கிறது?" என்றாள்.

"நீதான். தீர்மானம் ஒருமனசா நிறைவேறிருச்சு" என்றேன், தலைவர் என்ற முறையில்.

"நான் கையத் தூக்கலியே."

"நீ உறுப்பினரில்ல அழகம்மா. உறுப்பினருங்கதான் கையத் தூக்கலாம்."

"அப்ப சமைக்க மட்டுந்தான் நான் வேணும்" என்று சொல்லி, தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், காரியம் முடிந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள். ஹாஜியார் குடிக்காமலே கோப்பையை வைத்துவிட்டு, "ஐயா, பொம்புளட்ட கேக்காம முடிவெடுத்துட்டோம். எனக்கு ஊட்டுக்குப் போகணும்" என்று தொப்பியை எடுத்தார். மாஸ்டர் மாத்திரம் யோசித்து, "ஓம், அவ சொல்லுறதிலை நியாயம் இருக்கு. எண்டாலும் தீர்மானத்தை மாத்த இன்னொரு தீர்மானம் வேணும்" என்றார். போகிற வழியிலேயே நோட்டீசில் "வீட்டுச் சமையலுடன் மதிய போசனம்" என்று எழுதி, போட்டோகொப்பி அடித்து, கட்டுகஸ்தோட்டை வரைக்கும் கொடுத்தும் முடித்துவிட்டார்.

திங்கள் காலையில் நான் கண் முழித்தபோது அழகம்மா இல்லை. விதிகள் எழுதிய மட்டையைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்: "மூன்றாம் விதிப்படி அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இதனால் யாருக்கும் தீங்கில்லை. திரும்பும் திகதி என் விருப்பம்." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன், திருத்த எதுவும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. நோட்டீசைப் பார்த்தவர்கள் தெருவில் நிறுத்தி மெனு கேட்கிறார்கள். பேச்சாளர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் கொண்டு வரட்டும், அதுதான் கொள்கைக்குப் பொருத்தம் என்று மாஸ்டர் சொன்னார். ஹாஜியார் சம்மதிக்கவில்லை, தீர்மானம் விழுந்தது. ஹாஜியார் தன் மனைவி பாயிஸாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளை, "அழகம்மாக்காட்ட கேட்டீங்களா மொதல்ல? அவ சரின்னு சொன்னா என்கிட்ட வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டதாம். ஹாஜியார் இரண்டு நாளாகச் சோறில்லாமல் கடையிலேயே பணிஸ் வாங்கித் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறார். நான் ஒத்திகையாக ஒருவனுக்குச் சோறு வைத்துப் பார்த்தேன். அடியில் பிடித்து, மேலே வேகாமல், நடுவில் மட்டும் ஒரு கரண்டி சோறு கிடைத்தது.

தங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சமையலுக்காக மட்டும் எழுதவில்லை. நேற்றுக் காலை தேத்தண்ணி ஊற்றும்போது இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன், இரண்டாவது ஆறிவிட்டது. ரேடியோவைப் போட்டால் சத்தமாக இருக்கிறது, நிற்பாட்டினால் இன்னும் மோசம். கால் தன்பாட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. பன்வில வழியாக வருகிற மடுல்கெல்ல பஸ் ஒவ்வொன்றாக நின்று சனம் இறங்கும்வரை பார்க்கிறேன். கொண்டக்டர் என்னை இலாகா ஆள் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே டிக்கெட் புத்தகத்தைக் காட்டுகிறார். நானும் ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டேன். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் திரும்பும் திகதி அவள் விருப்பம் என்றால், அந்தத் திகதி வராமலே போகவும் உரிமை உண்டுதானே? அதை நானே மட்டைபோட்டு எழுதியிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் மூத்தவர் என்ற முறையில் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நான் சொன்னதாகச் சொல்லக்கூடாது. கட்டாயப்படுத்தவும் கூடாது, அது சங்கத்தின் கொள்கைக்கு விரோதம். ஆனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் எப்படியாவது ஏற்றிவிட்டுவிடுங்கள். தலைவரின் மனைவி தலைவருக்கு ஒத்தாசை செய்வது கட்டாயமாகாது, குடும்பம் வேறு சங்கம் வேறு என்பதையும், அவள் உறுப்பினர் இல்லாததால் மூன்றாம் விதி அவளுக்குப் பொருந்தாது என்பதையும் அவளுக்கு விளங்கப்படுத்துங்கள். இந்த வாதத்தை நேற்று முழுக்க யோசித்து உருவாக்கினேன். மாஸ்டரும் ஓட்டையில்லை என்றார்.

தங்கள் முழங்கால் வலி குறையவும், ராக்கம்மா அக்காவின் தோட்டத்துக் கறிமிளகாய் காய்த்துக் குலுங்கவும், தங்கள் வாசலில் எந்நாளும் நல்ல செய்தியே வந்து நிற்கவும் செல்வ விநாயகரை வேண்டி நிற்கும்,

தங்கள் அன்பு மச்சான்,
க. ராஜரத்தினம்
தலைவர், கட்டாய எதிர்ப்புச் சங்கம்.

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைக்கு வருகைப் பதிவு தயார்செய்ய உறுப்பினர் கொப்பியை எடுத்தேன். ஏழு பெயர் இருக்கிறது. ஆறு பேரை எனக்குத் தெரியும். ஏழாவது, "திருமதி அழகம்மா ராஜரத்தினம், இல்லத்தரசி". பக்கத்தில் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. பதிவுக் கந்தோரில் ஒரு நிமிடத்தில் சரிசெய்தேன் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அது இதுதான். அவளிடம் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து சொல்லவுமில்லை, முத்திரைச் சண்டையில் மறந்தே போனேன். அடுத்தவர் பெயரில் கையெழுத்து வைத்த எத்தனை முதலாளிமாரை நான் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறேன்!

நான்காம் விதிப்படி எல்லா உறுப்பினரும் சம்மதிக்காத தீர்மானம் செல்லாது. பதினான்கு மாதமாக ஏழாவது உறுப்பினரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே சமையல் தீர்மானம் செல்லாது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் செல்லாது, நீலக் கடிதத்தாள் செல்லாது, நான் தலைவரானதும் செல்லாது. மேலே என் பெயருக்குக் கீழே இருப்பதை அடித்துவிடுங்கள். ஓட்டையில்லாத வாதத்தையும் அடித்துவிடுங்கள். மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான்காம் விதியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஓம், விதிப்படி சரி" என்றார். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பத்து மணி பஸ்ஸில் நானே எடுத்து வருகிறேன். தாங்கள் இதை வாசிக்கும்போது உங்கள் வீட்டுப் படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பேன். ராக்கம்மா அக்கா கூப்பிட்டாலும் ஏறமாட்டேன். நான் உள்ளே வரலாமா என்று அழகம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.