சிவப்பு வராத புரோகிராம்

ரிஷிவந்தியம்,
ஜூன் 2006

அன்பு மகன் சிவசங்கருக்கு,

அப்பா ராஜாங்கம் எழுதுவது. அமெரிக்காவில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

தை மாதம் பேசியதுதான், அப்புறம் உன் போன் வரவில்லை. டெல்லியில் டாக்டர் மாணவர்கள் இடஒதுக்கீடு கூடாதென்று போராடுவதை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே போச்சு. "என் புள்ளையும் அதுலதான படிச்சான், கூட வேல செய்யறவங்க அவன இன்னா சொல்றாங்களோ" என்று ஒரே அழுகை. சமைக்கும்போதும் போன் கேட்கணும்னு ஒயரை அடுப்படி வரைக்கும் இழுத்துட்டா, நான் அது தடுக்கி விழுந்து காலில் கட்டோட கிடந்தேன். உங்க ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் வேற மாட்டியிருக்கா. அதைப் பார்த்துட்டுக் காலையிலேயே மதியச் சோறு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். தண்ணி குடிக்க வந்த கரும்பு வெட்டுற ஆளுங்களும் அதே கடிகாரத்தைப் பார்த்து, பொழுது போயிடுச்சுன்னு பாதி வெட்டுல கிளம்பிட்டாங்க.

போன தடவை வந்தப்ப ஒரு புரோகிராம் காட்டினியே, இப்போதைய நேரத்துல இருந்து கடைசியாப் பேசின நேரத்தைக் கழிச்சு, ஒரு நாளைத் தாண்டினா கம்ப்யூட்டர்ல சிவப்பு வரும், உடனே போன் பண்ணுவேன்னு. நீ அச்சடிச்சுக் குடுத்த அந்தத் தாளை ஜெபீனாகிட்ட காட்டினேன், ஹயாத் பாஷா மகள், கள்ளக்குறிச்சியில கம்ப்யூட்டர் சொல்லித்தருது. தப்பு தெரிஞ்சுபோச்சுப்பா. நேரத்தைக் கழிச்சா விடை ரெண்டு பங்கா வருமாம், நாள் தனி, மிச்ச விநாடி தனி. நீ நாளை விட்டுட்டு விநாடியை மட்டும் எடுத்திருக்கியாம். எத்தனை மாசம் ஆனாலும் அந்த மிச்சம் ஒரு நாளைத் தாண்டாது, அப்புறம் சிவப்பு எங்கேர்ந்து வரும்? பாவம், நேத்துதான் பேசினோம்னு நெனச்சுக்கினு இருந்திருப்பே. இதைச் சொன்னதும் அம்மா சிரிச்சா. "பாத்தியா, புள்ள மேல தப்பே இல்ல" என்று சொல்லி, ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டா.

நாளையும் சேர்த்துக் கணக்குப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உன்கூடவே இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இதைத் தபால் ஆபீசில் நின்று எழுதுகிறேன். நாளை விட்டுடற அந்தத் தப்பு கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க வழக்கமாச் செய்யறதாம், ஜெபீனா சொல்லித்தான் தெரியும். உன் தாளை ரெண்டு தடவை பார்த்துச்சு. "அண்ணன் நாளையும் சேர்த்துத்தாங்க மாமா போட்டிருக்காரு, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போன் பண்ணினா, புரோகிராமைச் சரிபண்ணிட்டேன்னு மட்டும் சொல்லுப்பா.