டுவெயின் டீசல் தேர்வுக் குழு

"சாவியில கை வைக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

கத்திக்கொண்டே ஓடினார் என் கணவர் டுவெயின். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடும் மனிதர், முன்பின் தெரியாத ஒருவரின் முற்றத்தில், கோழிகளைத் தாண்டிக்கொண்டு, வலது கையை முன்னால் நீட்டியபடி ஓடினார். நெப்ராஸ்கா மாநிலத்தின் எதிர்காலமே அந்த உள்ளங்கையில்தான் இருந்தது என்றால் மிகையில்லை. அங்கே நின்றிருந்த டீசல் பிக்கப்பின் பானெட் மேல் கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"ஜில்லுனு இருக்கு."

"நெசமாவா?" பின்னால் மூச்சிரைக்க வந்தார் அவருடைய நண்பர் மெர்ல்.

"ஜில்லுனு."

வண்டியின் சொந்தக்காரர் லோவல், கோதுமை விவசாயி. சாவியை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மேடம், சார் என்ன டாக்டரா?"

"இல்லீங்க, பழைய வண்டி வாங்க வந்தவரு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே நீங்க எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சுட்டா, காலையில கிளம்பத் திணறுற வண்டிகூட நல்ல வண்டியா நடிச்சுடுமாம்."

"நானே இன்னும் சூடாகலயே. காபிகூடக் குடிக்கல."

அவசர முடிவுகளால் இந்த உலகம் பட்ட பாடு கொஞ்சமா? போர்கள், தேர்தல்கள், சமையலறைக்குப் பச்சை பெயிண்ட். அந்தப் பாவங்கள் எதிலும் என் கணவருக்குப் பங்கில்லை. வாழ்நாளில் அவர் அவசரப்பட்டது ஒரே ஒரு தடவை. அது எங்கள் திருமணம்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு டிரெய்லர் நிற்கிறது, வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. அடுப்பு, கட்டில், கட்டில் அருகே ஒரு ஜன்னல் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றபோது நான் வாங்கியது. என் ஆசை சின்னது. ஒருநாள் காலையில் கண் விழித்தால் அந்த ஜன்னலில் ஒரு மலை தெரிய வேண்டும். எங்கள் ஊரில் உயரமானது தானியக் கிடங்கு ஒன்றுதான். அதையும் இத்தனை வருடமாகப் பார்த்தாயிற்று.

மேற்கே, மலைகள் நிறைந்த வயோமிங் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரை. அங்கே டிரெய்லர் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பதிவு திறந்த கையோடு பாய்ந்து பிடிக்க வேண்டும். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கோடைகளில் பிடித்தேன். இரண்டிலும் 'தகுந்த வண்டி தேர்வாகாத காரணத்தால்' பயணம் ஒத்திவைக்கப்பட்டது. இது மூன்றாவது கோடை. சனிக்கிழமைக்குள் அங்கே இருக்க வேண்டும். இன்று வியாழன்.

தேர்வுக் குழுவின் தலைவர் டுவெயின். செயலாளர் மெர்ல். நான் பார்வையாளர், சாண்ட்விச் கொண்டுவரும் கூடுதல் பொறுப்பும் உண்டு. டிரெய்லரின் எடை மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. குழு அதை ஏற்கவில்லை. தொட்டியில் தண்ணீர், என் இரும்புச் சட்டிகள், வயோமிங்கின் எதிர்க்காற்று, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு பங்கு. கூட்டி முடித்தபோது ஒரு மாதா கோயிலையே பாதிரியாரோடு இழுத்துப் போகும் வண்டி தேவைப்பட்டது. அதுவும் டீசல் வண்டி; பெட்ரோலுக்கு அந்தத் தெம்பு கிடையாது என்பது குழுவின் தீர்ப்பு.

அப்படிப்பட்ட வண்டிகளும் வந்தன, போயின. அதிகம் ஓடிய வண்டியை டுவெயின் "தேஞ்சுபோச்சு" என்றார். குறைவாக ஓடியதை "சும்மாவே நின்னு கெட்டுப்போச்சு" என்றார். துரு இருந்தால் துரு. துரு இல்லாவிட்டால் புது பெயிண்ட், எதையோ மறைக்கிறான். புகைத்த வண்டி நோயாளி. புகைக்காத வண்டி கள்ளன்.

இப்போது லோவலின் வண்டி. ஒரே திருப்பில் எஞ்சின் கிளம்பியது. டுவெயின் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வைத்தார். எஞ்சின் உள்ளே தேய்ந்திருந்தால் மூடி துள்ளிக் குதிக்கும். மூவரும் குனிந்து பார்த்தோம். அது தேவாலயத்தில் தூங்கும் கிழவர்போல் அசையாமல் கிடந்தது. மெர்ல் புகைக்குழாய்க்குள் விரல் விட்டு எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். டுவெயின் வண்டிக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து மறுபுறம் வெளிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மெர்ல், ஒரு குறையும் இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

மனதுக்குள் நான் டிரெய்லரில் சட்டிகளை அடுக்கத் தொடங்கினேன். மெர்ல் டுவெயினின் தோளில் கை போட்டு, ஓரமாக அழைத்துப் போனார்.

"ஒரு குறையும் இல்லன்னா, ஏன்டா விக்கிறான்?"

இப்படி ஒரு கேள்வியை நீதிமன்றத்தில்கூட நான் கேட்டதில்லை. டுவெயின் திரும்பி வந்து, "ஏங்க, இதை எதுக்கு விக்கிறீங்க?" என்றார்.

"என் பொண்டாட்டிக்கு இடுப்பு வலிங்க. இவ்வளவு உசரம் ஏறி இறங்க முடியல."

"பாத்தியா!" என்றார் மெர்ல். "வண்டி குலுக்கிக் குலுக்கி வந்த இடுப்பு வலி. சஸ்பென்ஷன் போச்சு!"

லோவல் என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்தேன்.

மெர்லின் காரில் திரும்பினோம். "அப்போ சனிக்கிழமை?" என்றேன்.

"அவசரப்படாதே ஆர்லீன். கான்சாஸ்ல ஒண்ணு விளம்பரம் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமைதான் காட்டுவானாம்."

"அப்போ நான் கிளம்பறேன்."

"ம். கிளம்பு," என்றார், கைப்பேசியில் அடுத்த விளம்பரத்தைத் தள்ளியபடி. ஓர் ஆணின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பெண் நான். கலைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டுவெயினிடமிருந்து போன் வந்தது.

"ஆர்லீன்! டிரெய்லரைக் களவாண்டுட்டானுங்க!"

"ஐயோ. எப்போ?"

"தெரியல. கான்சாஸ்லேர்ந்து நேத்து வந்தேன். இப்பத்தான் கவனிச்சேன். மெர்ல் சக்கரத் தடத்தை அளந்துட்டிருக்கான்."

பின்னணியில் மெர்லின் குரல் கேட்டது: "தடம் ஒல்லியா இருக்கு, சாதா பெட்ரோல் பிக்கப்டா! அதால இதை அசைக்கவே முடியாது!"

"அசைக்க முடியாதுன்னா டிரெய்லர் அங்கதானே நிக்கணும்? நல்லாப் பாரு."

அவர் நிஜமாகவே பார்த்தார். சரளையில் நாலடி போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"இல்லையே."

"என்னைத் தேடுனியா, டுவெயின்?"

"நீ கடைக்குப் போயிருப்பேன்னு…"

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஜன்னல் முழுக்க மலை. உச்சியில் இன்னும் கொஞ்சம் பனி பாக்கி இருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நீயும் மெர்லும் அயோவாவுல ஏதோ ஒரு பானெட்டைத் தொட்டுப் பாத்துட்டிருந்தீங்களே, அன்னிக்குத்தான் இந்த டிரெய்லர் நம்ம வாசலுக்கு வந்துச்சு. கடையிலேர்ந்து அது எப்படி வந்துச்சுன்னு நெனச்சே?"

மறுமுனையில் அளவு நாடா தரையில் விழுந்து சுருண்டு கொள்ளும் சத்தம்.

"எதுல?" என்றார் மெதுவாக.

"என்னோட பெட்ரோல் பிக்கப்புல. தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுப் போவேனே, அதுல. நான்தான் ஓட்டினேன்."

பிறகு, குழுத் தலைவருக்கே உரிய கவலையோடு ஒரு கேள்வி:

"ஏத்தத்துல முக்கலயா?"

"முக்குச்சுதான். ஆனா அது கிளம்புச்சு, டுவெயின்."