சின்யோரேக்கு வாங்கிய ஜக்கெற்

இந்த மாரிக்கு நான் நனைவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சின்னச் சபதம்தான். ஆனால் சியாகுல்லித் தோட்டத்தில் மாரிகாலத்தில் மந்தரீன் தோடம்பழம் பிடுங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அங்கே மழை மேலிருந்து மட்டும் வராது. இலையைத் தொட்டால் மழை. கொப்பை வளைத்தால் மழை. கையை உயர்த்தினால் சட்டைக் கைக்குள்ளால் இறங்கி இடுப்புவரை ஊர்வலம் போகும். போன மாரியில் எனக்கு நிமோனியா வந்தது. பாதிரியார் நோயில்பூசுதல் எண்ணெயோடு வந்து, நான் எழும்பியிருந்து சூப் குடிப்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

தோட்டம் சனி, ஞாயிறு மட்டும். மற்ற நாட்களில் நானும் என் மனைவி புனிதமலரும் நகரத்து நடுவில் பொலிதேயாமாவில், இத்தாலியர் ஒருவரின் பழைய வீட்டில் வேலை. அவள் சமையல். நான் வீட்டுக்கார ஐயா, சின்யோரே லா மந்தியாவைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, சக்கர நாற்காலியில் இருத்துகிறவன். மனிதருக்குத் தொண்ணூற்றொரு வயது. இருதயம் தேய்ந்துவிட்டது, டிசம்பர் நத்தார்வரை போனால் பெரிய விஷயம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை தொலைக்காட்சியில் மதோனியே மலையில் பனி விழுந்திருப்பதைப் பார்த்தார்.

"கிறிகோரியோ, இந்த முறை நான் ஸ்கீ ஓடப் போகிறேன். புது ஜக்கெற் வேண்டும்" என்றார்.

மிலானோவில் இருக்கும் மகள் எமிலியானாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அப்பா என்ன கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லி அழுதாள். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவருடைய மனைவி, பெரிய சின்யோரா, செத்தபோது அவளுடைய உடுப்பு முழுவதும் புனிதமலருக்கு வந்தது. இந்த ஊரில் வேலை செய்கிற வீடுகளில் வழக்கம் அதுதான். அப்படியென்றால் சின்யோரேயின் உடுப்பு யாருக்கு வரும்? எனக்குத்தானே! இடையில் இருந்த ஒரே சிக்கல் அளவு.

கடைக்கு அனுப்பமுதல் சின்யோரே எனக்குப் பாடம் எடுத்தார். உடம்போடு ஒட்டிக் கம்பளி, வியர்வையை இழுக்க. நடுவில் ஃப்ளீஸ், சூட்டைப் பிடிக்க. அதற்கு மேல் ஷெல் ஜக்கெற், தண்ணீரையும் காற்றையும் மறிக்க. தையல்களுக்கு உள்பக்கம் ரேப் ஒட்டியிருக்க வேண்டும். தலைமூடி ஹெல்மெற்றுக்கு மேலாலும் வரவேண்டும். கக்கத்தில் சிப் இருக்கவேண்டும்.

"பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது. பருத்தி போட்டவன் மலையில் சாவான்" என்றார்.

நான் உள்ளே போட்டிருந்த பருத்திப் பெனியனை நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. தையலை உள்ளே திருப்பிப் பார்த்தேன். சிப்பை இழுத்துப் பார்த்தேன். கடைப்பெண் ஒரு ஜக்கெற்றைக் காட்டி, இது இருபதாயிரம் மில்லிமீற்றர் தண்ணீர் தாங்கும் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. எங்கள் மன்னாரில் வருசம் முழுக்கப் பெய்தாலும் ஆயிரம்தான் வரும். இருபதாயிரம் என்றால் நோவா கப்பல் கட்டாமல் இதைப் போட்டுக்கொண்டே நின்றிருக்கலாம். போட்டுக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தி, இல்லாத மந்தரீனைப் பிடுங்கினேன். இடுப்பு வெளியே தெரியவில்லை.

"உங்கள் சின்யோரே இப்படித்தான் ஸ்கீ ஓடுவாரா?" என்று அவள் கேட்டாள்.

"அது பழைய முறை" என்றேன். "எக்ஸ் எல் தாருங்கள்."

சின்யோரேயின் வீட்டில் புனிதமலர் அதை விரித்துப் பார்த்தாள்.

"இதென்ன, ஏன் இவ்வளவு பெரிசு?"

"உள்ளுக்கு உடுப்புப் போட வேணுமெல்லே. லேயர். மனுசன்தான் சொன்னது."

"அவர் நாப்பத்தெட்டுக் கிலோ. இதுக்குள்ளை மூண்டு உடுப்பில்லை, மூண்டு ஆளை விடலாம்."

"உனக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். இருபத்திரண்டு வருசமாக அவளோடு வாழ்கிறவன் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது சின்யோரேயின் கட்டிலில் கம்பளிச் சட்டையும் ஃப்ளீஸும் ஜக்கெற்றும் வரிசையாக இருந்தன.

"லேயர்" என்றாள் புனிதமலர். "நீங்கள் சொன்னதுதானே. போட்டுவிடுங்கோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த மனிதருக்கு மூன்று உடுப்பு. கைகள் வளையாது. விரல்கள் கம்பளிக்குள் சிக்கும். ஒரு கையை நுழைக்க, மற்றது வெளியே வந்துவிடும். எல்லாம் முடிந்து சிப்பை நாடிவரை இழுத்ததும் சின்யோரே ஒரு சின்னப் பையனைப் போலச் சிரிப்பார். மழை பெய்தால் பல்கனிக்குத் தள்ளச் சொல்லுவார். ஜக்கெற் தண்ணீர் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் வாங்கிய ஜக்கெற்றுக்குள் அவர் காய்ந்துபோய் இருக்க, நாற்காலியைப் பிடித்தபடி நான் நனைந்துகொண்டு நிற்பேன்.

நத்தார் வந்தது. நத்தார் போனது. மனிதர் போகவில்லை. நாடி பிடித்துப் பார்த்த டொக்டர், "நன்றாகச் சூட்டில் வைத்திருக்கிறீர்கள், கிறிகோரியோ, பிராவோ!" என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் எனக்கு இருமல் வந்தது. ஏனென்றால் சனியும் ஞாயிறும் நான் சியாகுல்லியில் பழைய பருத்திக் கோட்டோடு நனைந்துகொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் செபிக்கவில்லை. ஆனால் பூசையில் அவருடைய சுகத்துக்காகச் செபித்தபோது என் சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு காலை நான் சன்னலைத் திறந்தேன். அவர் கண் திறக்கவில்லை. கன்னம் குளிர்ந்திருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அது நடிப்பில்லை. நான்கு வருசம் என் கையால் சவரம் செய்த முகம். அழுது முடித்து மூக்கைத் துடைத்தேன். பிறகு போய்க் கதிரையில் கிடந்த ஜக்கெற்றை மடித்து என் பைக்குள் வைத்தேன். அதுவும் நடிப்பில்லை.

அடக்கம் செய்கிற கம்பனிக்காரன் வந்து உடுப்புக் கேட்டான். நான் கறுத்தக் கோட்சூட்டை எடுத்துக் கொடுத்தேன். புனிதமலர் என் பையைத் திறந்து ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"இதைப் போட்டுவிடுங்கோ."

"ஆருக்கு?"

"சின்யோரேக்கு."

"உனக்கென்ன விசரே? பெட்டிக்குள்ளை மழை பெய்யுமே?"

"அவர் என்னட்டைச் சொன்னவர்."

"எப்ப? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே!"

"உங்களுக்கு ஏன் சொல்லுவார்?"

"மலர், கொஞ்சம் யோசி. இது இருபதாயிரம் மில்லிமீற்றர்."

"நல்லது. மோட்சம்வரைக்கும் நனையாமல் போவார்."

சத்தம் கேட்டு எமிலியானா வந்துவிட்டாள். முதல் விமானத்தில் வந்திருந்தவள், முகம் வீங்கியிருந்தது. புனிதமலர் அவளுடைய கையைப் பிடித்து, "அப்பாவின் கடைசி ஆசை இது, சின்யோரா. கிறிகோரிக்கும் தெரியும்" என்று இத்தாலியனில் சொன்னாள்.

எமிலியானா என்னைப் பார்த்தாள். "உண்மையா, கிறிகோரியோ?"

தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. கட்டிலில் தகப்பன். பக்கத்தில் என் மனைவி. நான் என்ன சொல்வது?

"சி, சின்யோரா" என்று ஓமெனத் தலையாட்டினேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு நானே என் கையால் கம்பளி, ஃப்ளீஸ், ஜக்கெற் எல்லாம் போட்டுவிட்டேன். சிப்பை நாடிவரை இழுத்தேன். செத்தவரை உடுப்பாட்டுவது உயிரோடு இருந்தவரை உடுப்பாட்டுவதைவிட இலேசாக இருந்தது. அதுதான் என்னை உடைத்தது.

அடக்கம் முடிந்து போர்கோ வெக்கியோவில் எங்கள் அறைக்கு வந்தபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் சனி.

"இனியாவது உண்மையைச் சொல்லு" என்றேன். "மனுசன் அப்பிடிக் கேட்டவரோ?"

"கேட்டவர். ஜக்கெற்றை வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கே, 'இது என்ரை அளவில்லை, கிறிகோரியின்ரை அளவு' எண்டு சொல்லிச் சிரிச்சவர். 'சாகாமல் இருந்து அவனை ஏமாத்துறன் பார்' எண்டவர்."

"பிறகு?"

"போன கிழமை சிரிக்கேல்லை. 'நான் எப்ப சாவன் எண்டு அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான். நல்லவன்தான், ஆனாலும் எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கே போட்டு அனுப்பு' எண்டவர். நான் ஓம் எண்டனான்."

ஒவ்வொரு காலையும் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதைத் தெரிந்துகொண்டு சிரித்தார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அழலாம் போல இருந்தது, ஆனால் இருமல்தான் வந்தது. புனிதமலர் முதுகைத் தடவிவிட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

இருமல் அடங்கியதும் மெதுவாகக் கேட்டேன். "நாளைக்குச் சியாகுல்லிக்கு நான் என்னத்தைப் போட்டுக்கொண்டு போறது?"

அவள் எழும்பிப் போய் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தலைக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு என்று ஓட்டை வெட்டியிருந்தாள்.

"பயப்பிடாமல் போடுங்கோ" என்றாள். "சரியா உங்கடை அளவு."