கொஞ்சம் பழைய தாவர எண்ணெய்

உலகத்தைக் காப்பாற்றுவதென்று நான் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன்பு ரப்பர் கால்மிதி செய்துகொண்டிருந்தேன்.

ரப்பர் இளகிப் பிசைய வர எண்ணெய் ஊற்றவேண்டும். பெட்ரோலிய எண்ணெய்தான் ஊற்றிவந்தோம். பிசையும் மெஷினில் நிற்பவள் என் அக்கா. அந்தப் புகையில் நாள் முழுக்க இருமுவாள். எண்ணெயை மாற்றியது அதற்காக என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஊரில் எல்லோரும் சரக்குப் பெட்டியில் 'இயற்கைக்கு உகந்தது' என்று பச்சை இலை முத்திரை போட்டுக்கொண்டார்கள், எனக்கும் ஆசை, அவ்வளவுதான். ஆனால் சோயா எண்ணெய் ஊற்றிய முதல் வாரமே அக்கா இருமாமல் என்னைத் திட்டினாள். கேட்கவே இனிமையாக இருந்தது.

இலை முத்திரை கேட்டு, அதைக் கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனேன்.

"இந்த எண்ணெயைச் சாப்பிடலாமா?" என்றார் அதிகாரி.

"தாராளமா சாப்பிடலாம் சார்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்போ உங்க கால்மிதி உணவுப்பொருள். காலாவதி தேதி எங்கே?"

"சார், அதை யாரும் சாப்பிட மாட்டாங்க. மிதிப்பாங்க."

"உணவை மிதிக்கிறதா? அது இன்னும் பெரிய குற்றமாச்சே!"

மறுநாளே உணவு ஆய்வாளர் வந்தார். மேற்படி கால்மிதியில் ஒரு துண்டை மென்று பார்த்து, "சுவையில்லை, கலப்படம் இருக்கலாம்" என்று எழுதி ஆலையைப் பூட்டினார்.

அக்காவுக்கும் எனக்கும் அந்த ஆலைதான் சோறு. திரும்ப ஓடினேன்.

அதிகாரி இரக்கப்பட்டார். "பழைய எண்ணெய்க்கே போயிடுங்க."

"இலை முத்திரை, சார்?"

"அதுக்கென்ன? பெட்ரோலியம் எதுலேர்ந்து வந்துச்சு?"

"பூமிக்கு அடியிலேர்ந்து."

"அதுக்கும் முன்னாடி?"

"எந்தக் காலத்துலயோ கடல்ல செத்த பாசி..."

"பாத்தீங்களா! அதுவும் தாவர எண்ணெய்தான். கொஞ்சம் பழசு. பழசானதால சாப்பிட முடியாது, சாப்பிட முடியாததால உணவு இல்லை."

அடடா, என்ன ஞானம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூட்டு திறந்தது, இலை வந்தது, பசுமைத் தொழிலதிபர் என்று கேடயமும் கொடுத்தார்கள். அதைக் காட்ட மெஷினடிக்குப் போனேன். அக்கா இருமி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"எல்லாம் சரிடா தம்பி, இந்தப் புகையை என்ன பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "அது மூலிகைப் புகைக்கா" என்றேன்.

அதிகாரிக்கே தோன்றாத பதில். சொன்ன வாயைக் கழுவத்தான் தோன்றியது. ஆனாலும் பெட்டியில் அதையும் அச்சடித்தேன். நீங்களும் அதைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?