வரிசைப்படி வந்த காற்று

உலகத்தில் வலையமைப்புகள் ஆயிரம் உண்டு. மரியாதை கெடாமல் பின்னப்பட்ட வலையமைப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதில் வாவிக்கரை மீனவர் சமாசத் தலைவர் நல்லரத்தினத்துக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஏனென்றால் அது அவருடையது.

வானிலை நிலையத்தின் காற்று எச்சரிக்கை இணையத்தில் உள்ள 'கிளவுட்'டுக்கு வரும். தலைமையகத்தில் ஒரு கணினி. வாகரை வரைக்கும் தோணி கட்டும் துறைகளில் ஒலிபெருக்கிகள். இவற்றை எப்படி இணைப்பது என்று ஆராயவே அந்தச் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த கூட்டம். பொறியியலாளர் அஜந்தா வரைபடத்தை விரித்தாள். அவளுடைய புருஷன் பிரதீஸ் வாகரையிலிருந்து கடலுக்குப் போகிறவன்.

"ஒவ்வொரு துறைக்கும் கிளவுட்டில இருந்து நேரா ஒரு வழி. தலைமையகத்தால இன்னொரு வழி. ஒண்டு அறுந்தாலும் மற்றது நிக்கும், ஐயா."

நல்லரத்தினம் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"வாகரைக்கு நேராப் போறதா? எங்கட தலைக்கு மேலாலயா?"

"எச்சரிக்கைதானே ஐயா. சுணங்கக் கூடாது."

"கோயில்ல முதல் மரியாதை ஆருக்கு? தலைவருக்கு. மறுகாதான் மத்த ஆக்களுக்கு. காத்துக்கும் அதுதான் முறை."

ஓட்டமாவடியைச் சேர்ந்த செயலாளர் மஜீட் கனைத்தார். "உங்களுக்குப் பிறகு எங்கட ஊருக்கு வரட்டும், தலைவர். எங்களத் தாண்டி வாகரைக்குப் போனா நான் எப்பிடி வெளிய தலைகாட்டுற?"

இரண்டு தடவை தேநீரும் வடையும் வந்துபோன பிறகு 'பாதுகாப்புக் கட்டமைப்பு' ஏகமனதாக நிறைவேறியது. எச்சரிக்கை முதலில் தலைவரின் அறைக்கு வரும். அவர் 'அங்கீகாரம்' பொத்தானை அழுத்துவார். பிறகு ஓட்டமாவடி, மாங்கேணி, கடைசியில் வாகரை.

"நீங்க இல்லாத நாளில, ஐயா?" என்றாள் அஜந்தா.

"நான் எங்க பிள்ளை போகப்போறன்?"

ஆடி அமாவாசைக்குத் தலைவர் அமிர்தகழிக் கோயிலுக்குப் போனார். தீர்த்தம் ஆடி, தலையில் பரிவட்டம் கட்டி, முதல் மரியாதையும் பெற்றுக்கொண்டார். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பின்னேரம் வந்து சேர்ந்த எச்சரிக்கை, தலைவர் இல்லாத அறையில் அடக்கமாகக் காத்திருந்தது. பொழுதுபட வாகரைத் தோணிகள் புறப்பட்டன. இரவு முழுக்கக் காற்று ஊரையே பிய்த்தெறிந்தது.

காலையில் திருநீறு மணக்க வந்த தலைவர் திரையைக் கண்டதும் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. அழுத்தினார். எச்சரிக்கை ஊர் ஊராக வரிசை தப்பாமல் போய் வாகரையில் முழங்கியது: "மீனவர்கள் இன்றிரவு கடலுக்குச் செல்ல வேண்டாம்!"

அதைக் கடற்கரையில் நின்ற பெண்கள் கேட்டார்கள். இரவெல்லாம் அங்கேதான் நின்றார்கள். மத்தியானத்துக்குள் தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிரதீஸின் தோணி மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது.

ஆறுதல் சொல்ல அஜந்தாவின் வீட்டுக்குத் தலைவரே நேரில் வந்தார். முன்னுக்குப் போட்ட கதிரையில் அமர்ந்தார்.

"கட்டமைப்பில ஒரு பிழையும் இல்ல, பிள்ளை. எல்லாம் வரிசைப்படிதான் வந்தது."

அஜந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், ஐயா. என்ட மனிசன்தான் வரிசை தெரியாம உங்களுக்கு முன்னுக்குப் போயிற்றார்."