கோயில் மலர் ஆதாரம் ஆகாது

அரைகுறையாகப் படித்தவர்களுக்குத்தான் பெரிய பெரிய யோசனைகள் வரும். முழுதாகப் படித்தவர்கள் யோசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். படிக்காதவர்களுக்கு வேறு வேலை இருக்கும். இரண்டாயிரத்து எட்டில் நான் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், சனிக்கிழமை தோறும் கண்டிக்குப் போய் சிறுவர் நலன் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை, அதோடு மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். டிப்ளோமா தேறினால் சிறுவர் அலுவலருக்கு உதவியாளராக விண்ணப்பிக்கலாம். தேறாவிட்டால் நான் தைத்துக்கொண்டிருந்து விட்டு வந்த காமன்ட் ஃபெக்டரிக்கே திரும்பவேண்டியதுதான். அங்கே சூப்பர்வைசரிடம் "இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

எழுதிக் கொடுக்கவேண்டிய கடைசி ஒப்படை பற்றி விரிவுரையாளர் மிஸ் புதுமையாக ஒன்று சொன்னார். "நீங்க எழுதுற கட்டுரைய நான் ஒராள்தான் வாசிக்கிறேன். எனக்கே அலுப்பா இருக்கு. இணையத்துல எல்லாரும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியம் இருக்கு. அதுல பாதுகாப்பில்லாத சிறுவர்களைப் பற்றின கட்டுரைகளைத் திருத்தி எழுதுங்க. எழுதினது அழியாம நின்னா புள்ளி."

எனக்குத் தோட்டத்துச் சிறுவர்கள் என்ற பகுதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாவனல்லையில் ஒரு முஸ்லிம் நானாவின் கொமினிகேஷன் கடையில் வாடகைக் கணினி முன் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து தேடித் தட்டினேன். 'தாய் வெளிநாடு சென்ற வீடுகளில் தந்தை குடிக்கு அடிமையாகிறார். சிறுபிள்ளை பிஸ்கட் டின் மீது ஏறி நின்று சோறு வடிக்க நேர்கிறது.' வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அந்த வரிகளைக் காணோம். யாரோ ஒரு புண்ணியவான் 'ஆதாரம் இல்லை' என்று எழுதி நீக்கியிருந்தார். திரும்ப எழுதினேன். திரும்ப நீக்கினார். நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்று விளக்கம் எழுதினேன். 'சொந்த அனுபவம் ஆதாரம் ஆகாது. அச்சில் வந்ததைக் காட்டுங்கள்' என்று பதில் வந்தது.

நானா எட்டிப் பார்த்தார். "அவங்க கேக்குறதிலயும் ஞாயம் ஈக்கிது தானே தங்கச்சி. அச்சடிச்ச ஒண்டக் காட்டுங்களே."

என் எழுத்தை யார் அச்சடிப்பார்கள்? அப்போதுதான் அந்தப் பெரிய யோசனை வந்தது. எங்கள் கோயில் திருவிழா மலர் அச்சகத்தில் இருந்தது. ஒரு நகைக்கடைக்காரர் விளம்பரத்தைக் கடைசி நேரத்தில் விலக்கிக்கொண்டதால் ஒரு பக்கம் காலி. அதில் என் கட்டுரையைப் போட்டு, அந்த மலரையே கலைக்களஞ்சியத்துக்கு ஆதாரமாகக் காட்டிவிடுவது. திருடன் தனக்குத் தானே பிணை நிற்கிற ஏற்பாடு. அப்பா ஒரு வரிகூட வாசிக்கவில்லை. "புள்ள எழுதியிருக்கு, போடுங்க" என்று அச்சகத்துக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் மலரை வெறுமனே விநியோகிப்பதில்லை. பூசை முடிந்ததும் கமிட்டித் தலைவரான கணக்கப்பிள்ளை அதை அட்டை முதல் அட்டை வரை மைக்கில் வாசிப்பார். காசு கொடுத்தவர்களின் விளம்பரம் காதிலும் விழவேண்டும் என்பது முறை. பலாமரத்தில் கட்டிய ஹோர்ன் தோட்டத்தின் இரண்டு டிவிசனுக்கும் கேட்கும். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் கேட்டு வளர்ந்த இந்த வழக்கத்தை மறந்துபோக டிப்ளோமா படித்த ஒருத்தியால்தான் முடியும்.

தேர் புறப்படத் தயாராக நின்றது. கணக்கப்பிள்ளை, "மங்கையர் மனங்கவரும் புதிய ரகச் சேலைகளுக்கு" என்று ஒரு புடவைக்கடையை முடித்துவிட்டு, அதே குரலில், அதே இழுவையில், "தந்தை குடிக்கு அடிமையாகிறார்" என்று தொடர்ந்தார்.

சிவலிங்கம் அண்ணன் கூட்டத்திலிருந்து எழுந்தார். அவர் மனைவி குவைத்தில் இருந்தார். "ஏன் தங்கச்சி, இவ்வளவு எழுதினவ எம்பேரையும் போட்டிருக்கலாமே."

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பெருமாள் மாமா கத்தினார். "ஒன்னய எங்க எழுதியிருக்கு? அது எங்க வீடு. பிஸ்கட் டின் எங்க குசினியிலதான் கிடக்கு."

"எங்க வீட்டுல மட்டும் இல்லியா?" என்று சிவலிங்கம் அண்ணன் அவர் மேல் பாய்ந்தார்.

அவமானத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரிச் சட்டையைப் பிடித்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மனைவி வெளிநாட்டில் இருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். "இந்தப் புள்ளைக்குப் பிஸ்ஸா?" என்றார் ஒருவர். (எங்கள் பக்கம் பைத்தியத்தைச் சிங்களத்தில் சொன்னால்தான் திருப்தி.) யாரைப் பற்றி எழுதியது என்று சொல்லும்வரை தேர் வடத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். செயலாளர் மகள் எழுதினால் செயலாளர்தான் பதில் சொல்லவேண்டும் என்றார்கள்.

நான் யாரையும் நினைத்து எழுதவில்லை, விரிவுரைக் குறிப்பிலிருந்துதான் எடுத்தேன் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். அம்மன் தெருவில் நிற்கிறாள், அப்பாவின் மானம் போகப்போகிறது.

தேருக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்த அப்பா இறங்கி வந்து மைக்கை வாங்கினார். வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்த்தார்.

"யாரும் சண்ட பிடிக்க வேணாம். அது நான்தான்," என்றார். "இவ அம்மா குவைத்துல இருந்தப்ப நான் குடிச்சேன். புள்ள டின்னு மேல ஏறி நின்னுதான் சோறு வடிச்சிச்சு. அந்த டின்னு இன்னும் வீட்டுல இருக்கு, சந்தேகம்னா வந்து பாருங்க. இப்ப வடத்தப் பிடிங்க, நேரமாகுது."

இரண்டு டிவிசனும் கேட்டது. சிவலிங்கம் அண்ணன்தான் முதலில் வடத்தைப் பிடித்தார். நான் தேருக்குப் பின்னால் நின்று அழுதேன். வீட்டுக்குப் போய் விரிவுரைக் குறிப்பைப் புரட்டினேன். அதில் எந்த இடத்திலும் பிஸ்கட் டின் இல்லை.

தேரடியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா மட்டும் அப்போதே முணுமுணுத்திருந்தார். "வீட்டுல எத்தன தடவ கேட்டேன், ஒரு நாளாவது ஒத்துக்கிட்டாரா? மைக்க குடுத்தாத்தான் வாய் வருது மனுசனுக்கு."

மறுவாரம் மாவனல்லைக்குப் போய் மலரின் பெயர், பக்கம் எல்லாம் போட்டேன். பொழுது சாயுமுன் பதில் வந்துவிட்டது. 'கோயில் மலர் ஆதாரம் ஆகாது. அதிலும் எழுதியவரே மேற்கோள் காட்டுகிறார்.' வரிகள் போயின, புள்ளியும் போனது. அடுத்த வருட மாணவர் அணியோடு சேர்ந்து தடுப்பூசி அட்டவணை பற்றி எழுதித்தான் தேறினேன். அதில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் ஆதாரம் வேண்டும். குழம்பில் உப்புச் சரி என்று அம்மா சொன்னால் அப்பா "ஆதாரம்?" என்பார். என்னைப் பெண்பார்க்க வந்தபோது மாப்பிள்ளை குடிக்கமாட்டார் என்று தரகர் சொல்ல, "அச்சுல வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். தரகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த டின் இன்னும் குசினி மூலையில் இருக்கிறது. போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது என் மகள் அதன் மேல் ஏறிப் பலகாரத் தட்டை எட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலிலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கிக் கீழே இறக்கினார். வயதான மனிதர், மூச்சு வாங்கியது.

"ஏன் தாத்தா, ஏறினா என்ன?"

"ஏறாத தாயி," என்றார். "உங்கம்மா பாத்தா எழுதிருவா."